மாறுவேடம் போட முடியாதவள்

தமிழ்ச் சரித்திர நாவல்களில் அரசர்கள் அரியணையில் வீற்றிருக்கும் நேரத்தைவிட மாறுவேடத்தில் திரியும் நேரம்தான் அதிகம். ‘சிவகாமியின் சபதம்’ நாவலில் மகேந்திர பல்லவர் வஜ்ரபாகு என்னும் வீரனாகச் சளுக்கியப் படையின் நடுவே போய்வருகிறார். அவர் மகன் மாமல்லர் வளையல் வியாபாரியாக வாதாபி நகருக்குள் நுழைகிறார். அதே மாமல்லர் ‘பார்த்திபன் கன’வில் சிவனடியாராக வருகிறார். ‘பொன்னியின் செல்வ’னில் அருள்மொழிவர்மன் யானைப்பாகன் ஆகிறான். இந்த இடங்களைப் படிக்கையில் நமக்கு ஒரு குதூகலம் பிறக்கும். பக்கத்தில் நிற்பவர் யாரென்று கதைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. நமக்கு மட்டும் தெரியும், அல்லது தெரிந்துவிடும் போல இருக்கும். கல்கியின் தொடர்களை வாராவாரம் கிழித்துத் தைத்துப் பைண்டு செய்து வைத்த நம் பாட்டிமார்களும் இந்தக் குதூகலத்தில்தான் அடுத்த இதழுக்குக் காத்திருந்திருப்பார்கள்.

இந்த வேடங்களை ஒரு பட்டியலாக எழுதிப் பார்த்தால் அதில் அரண்மனைப் பெண்கள் அநேகமாக இல்லை. ராணிகளும் இளவரசிகளும் மாடத்திலிருந்து பார்க்கிறார்கள், பல்லக்கில் போகிறார்கள், தோழியை அனுப்பிச் செய்தி கேட்கிறார்கள். ‘பொன்னியின் செல்வ’னில் பழுவூர் இளையராணி நந்தினியின் மூடுபல்லக்கு ஒரு முக்கியமான சாதனம். உள்ளே இருப்பது ராணி என்று ஊரே நம்பும் நேரத்தில் அதற்குள் உட்கார்ந்து போகிறவன் மதுராந்தகன். பெண்ணை மறைப்பதற்காகப் போட்ட திரை ஓர் ஆண்மகனின் பட்டத்து ஆசைக்கு மாறுவேடமாகப் பயன்படுகிறது. அந்தத் திரையை நந்தினியால் அப்படிப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. அவள் உள்ளே இருந்தால் அது வெறும் பல்லக்கு.

மாறுவேடம் என்பதை நாம் கதைச் சுவாரசியமாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். அது ஆட்சியின் அடிப்படை வசதிகளில் ஒன்று. தன்னை யாரும் பார்க்காமல் தான் எல்லோரையும் பார்ப்பது. அடையாளத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போய், வேண்டும்போது திரும்ப எடுத்து அணிந்துகொள்வது. அப்படிக் கழற்றிய அடையாளம் வைத்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும் என்ற உறுதி உள்ளவருக்குத்தான் இது சாத்தியம். மகேந்திரர் எத்தனை நாள் வஜ்ரபாகுவாக அலைந்தாலும் காஞ்சிக்குத் திரும்பினால் சக்கரவர்த்திதான். ஓர் இரவு ஊரைவிட்டுக் காணாமல் போன பெண் திரும்பி வந்தால் யார் என்பதை ஊர்தான் முடிவு செய்யும்.

நான் செங்கல்பட்டில் தமிழ் கற்பிக்கிறேன். மாமல்லபுரத்திலிருந்தும் அதை ஒட்டிய மீனவர் குப்பங்களிலிருந்தும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வரும் பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். பலர் வீட்டில் கல்லூரிப் படி ஏறும் முதல் ஆள். இந்த மாறுவேடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு வகுப்பில் ஒரு மாணவி சொன்னாள்: “நான் பஸ் ஸ்டாண்டுல யார்கிட்டயாவது நின்னு பேசினா, நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள சேதி போயிடும் மேடம். வஜ்ரபாகு மாதிரி ஒரே ஒரு நாள் யாருக்கும் தெரியாம செங்கல்பட்டைச் சுத்தணும்.” வகுப்பே சிரித்தது. ஏழாம் நூற்றாண்டுக் கதையைப் படிக்க அதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைத்ததில்லை.

*

சிவகாமி, மாறுவேடம் போட முடியாதவள். அவள் கலையே பார்க்கப்படுவதில் இருக்கிறது. ஆயனச் சிற்பி மகளை ஆடச் சொல்லிப் பார்த்துக் கல்லில் செதுக்குகிறார். மகேந்திரர் பார்த்து ரசிக்கிறார். மாமல்லர் பார்த்துக் காதலிக்கிறார். நாகநந்தி பிக்ஷு பார்த்துத் தன் துறவை இழக்கிறார். நான்கு பாகங்களிலும் அவளைப் பார்ப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வாதாபியில் ஆயிரக்கணக்கான சிறையாளர்கள் இருந்தும் புலிகேசி கூப்பிட்டு ஆடச் சொல்வது அவளைத்தான். அவள் மறுக்கிறாள். பிடித்து வந்த தமிழர்களை நாற்சந்தியில் நிறுத்திச் சவுக்கால் அடிக்கிறார்கள். அவள் ஆடினால் அடி நிற்கும். அவள் ஆடுகிறாள். காஞ்சி அரண்மனையும் அப்பா வீடும் போற்றிய அதே கலை எதிரியின் தெருவில் பிணைத்தொகை ஆகிறது.

அதன் பிறகுதான் சபதம். வாதாபி எரிந்து, மாமல்லர் தன் கையைப் பிடித்து அழைத்துப் போகும்வரை இந்த நகரை விட்டு வரமாட்டேன். மாமல்லர் வளையல் வியாபாரியாக வந்து ரகசியமாகக் கூப்பிடும்போதும் அவள் மறுக்கிறாள். ஒன்பது ஆண்டுகள் கழிகின்றன. வாதாபி எரிகிறது. காஞ்சிக்கு வந்த பிறகுதான் மாமல்லர் பாண்டிய இளவரசியை மணந்து இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன் என்பது அவளுக்குத் தெரிகிறது. ஏகாம்பரநாதரையே கணவராக வரித்து அவள் கோயிலில் ஆடுகிறாள்.

ஒவ்வோர் ஆண்டும் இந்த நாவலை முடித்ததும் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன்: இந்தத் துயரத்துக்குக் காரணம் யார்? பெரும்பாலும் வரும் பதில், “சிவகாமியோட பிடிவாதம்தான்.” அவர் வந்து கூப்பிட்டபோதே போயிருக்கலாமே என்பார்கள். வீட்டிலும் அம்மா, பெரியம்மா எல்லோரும் அப்படித்தான் சொல்வதாகச் சொல்வார்கள். நாவலின் தலைப்பே அந்தப் பக்கம் கை காட்டுகிறது.

அவர்களை நான் மூன்றாம் பாகத்துக்குத் திருப்பி அனுப்புவேன். காஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத புலிகேசி சமாதானம் பேசுகிறான். மகேந்திரர் அவனை விருந்தாளியாகக் கோட்டைக்குள் அழைக்கிறார். இதைப் பொறுக்காத மகன் மாமல்லரைத் தெற்கே யுத்தத்துக்கு அனுப்பிவிடுகிறார். உபசாரம் நடக்கிறது. சிவகாமியின் நடனமும் அந்த உபசாரத்தில் ஒரு பகுதி. விடைபெறும் வேளையில், உன் பாசறைக்குள் வந்த வஜ்ரபாகு நான்தான் என்று மகேந்திரர் புலிகேசியிடம் சொல்லிவிடுகிறார். தன் வேடத்தின் வெற்றியைத் தோற்றவன் முகத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அவமானத்தோடு வெளியேறும் புலிகேசி கோட்டையைத் தொட முடியாத ஆத்திரத்தைக் கோட்டைக்கு வெளியே இருக்கும் குடிமக்கள் மேல் காட்டுகிறான். கிராமங்கள் எரிகின்றன. ஆணும் பெண்ணுமாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதில் ஒருத்தி சிவகாமி.

இரண்டு முடிவுகளும் தன்மானத்திலிருந்து பிறந்தவை. இரண்டுக்கும் விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ. முதல் முடிவை எடுத்தவரிடம் படை இருந்தது, ஒற்றர்கள் இருந்தார்கள், கோட்டை இருந்தது, மாற்று வழிகள் இருந்தன. இரண்டாம் முடிவை எடுத்தவளிடம் ‘வரமாட்டேன்’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. முன்னதை நாம் ராஜதந்திரம் என்கிறோம், அது பிசகியபோதும். பின்னதைப் பிடிவாதம் என்கிறோம், அது நிறைவேறியபோதும்.

கல்கியின் மேல் பழி போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. மகேந்திரரின் பிசகை அவர் ஒளிக்கவில்லை; சக்கரவர்த்தியே அதை எண்ணி வருந்தும்படி எழுதியிருக்கிறார். சாட்சியங்கள் எல்லாம் நாவலுக்குள்ளேயே கிடக்கின்றன. அவற்றைத் தூக்கி எடைபோடும் நம் கையில்தான் பழக்கம் சாய்ந்து கிடக்கிறது. மகேந்திரரின் தவறைப் படித்ததும் ‘பாவம், பெரிய மனுஷர்’ என்று தோன்றுகிறது. சிவகாமியின் முடிவைப் படித்ததும் ‘கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாம்’ என்று தோன்றுகிறது. அனுசரித்துப் போ என்ற வார்த்தையை நம் வீடுகளில் யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்தால் இந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

அந்தச் சபதத்தை அரசியலாகப் படித்தால் என்ன தெரிகிறது? தனக்கு நேர்ந்ததோடு, நாற்சந்தியில் சவுக்கடி பட்ட ஆயிரம் பேருக்கு நேர்ந்ததற்கும் அவள் பதில் கேட்கிறாள். ரகசியமாகத் தன்னை மட்டும் மீட்டுக்கொண்டு போவதை அவள் ஏற்கவில்லை. குடிகளைக் கோட்டைக்கு வெளியே விட்டுவிட்ட அரசு பகிரங்கமாகப் படை எடுத்து வந்து கணக்கைத் தீர்க்க வேண்டும் என்கிறாள். இந்த நாவல் ‘கல்கி’ இதழில் 1944-இல் தொடங்கி 1946 வரை வந்தது. சிறைக்குப் போவதும், சிறையிலிருந்து நிபந்தனையோடு வர மறுப்பதும் அரசியல் செயல் என்று தெரிந்த வாசகர்கள் அதைப் படித்தார்கள். ஆண்கள் செய்தபோது அதற்குத் தியாகம் என்று பெயர் இருந்தது.

*

சபதத்தை அரசியல் என்று ஒப்புக்கொண்டால் அதன் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். அவள் கேட்டது ஒரு நகரத்தின் அழிவு. வாதாபியிலும் அடுப்பு எரிந்த வீடுகள் இருந்தன. தண்ணீர் எடுத்துவந்த பெண்கள் இருந்தார்கள். ஒடுக்கப்பட்டவள் கேட்டாள் என்பதாலேயே எரிப்பு நியாயம் ஆகிவிடாது.

வரலாற்றில் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றியது 642-இல். பல்லவர்களின் கூரம் செப்பேடு இந்த வெற்றியைப் பாடும்போது, புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி அதில் ‘விஜயம்’ என்ற சொல்லை எழுதினான் என்று வர்ணிக்கிறது. எழுதப்படும் ஏடாக ஓர் உடம்பு. எழுதுகிறவனாக ஓர் அரசன். பெண்ணுடல் இந்தப் படிமத்தில் இல்லை என்று ஆறுதல் அடைய முடியாது. வெற்றியை உடம்பின் மேல் எழுதும் மொழி ஒருமுறை உருவானால் எந்தப் படை எந்த ஊருக்குள் நுழையும்போதும் அது பேசப்படும்.

சுமார் நூறு ஆண்டுகள் கழித்துச் சக்கரம் திரும்புகிறது. சளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றுகிறான். அந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் பெரிய சிவன் கோயில் ஒன்றை எடுப்பித்தவள் அவன் அரசி லோகமகாதேவி. இன்று விரூபாட்சர் கோயில் என்று நாம் அழைப்பது அதைத்தான். எனவே அரசகுலப் பெண்கள் அரசியலுக்கு அப்பாற்பட்டவர்கள், போரின் குற்றத்தில் பங்கில்லாதவர்கள் என்ற கற்பனையையும் நாம் விட்டுவிடலாம். அதிகாரத்துக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்களைப் புனிதப்படுத்துவதும் ஒருவகையில் அவர்கள் வாயை அடைப்பதுதான்.

‘பொன்னியின் செல்வன்’ இந்த இடத்தில் நமக்கு உதவும். 2022-லும் 2023-லும் திரைப்படமாக இரண்டு பாகங்கள் வந்த பிறகு, நாவலைத் தொடாத மாணவிகளுக்கும் குந்தவையும் நந்தினியும் தெரிந்த முகங்கள் ஆகிவிட்டார்கள். யார் பக்கம் என்று வகுப்பில் சண்டையே நடக்கும். இருவர் செய்யும் வேலையையும் பிரித்து வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இருவரும் அறைக்குள் இருந்தபடி ஆட்களை அனுப்புகிறார்கள், ஓலை எழுதுகிறார்கள், யார் அரியணை ஏறலாம் என்பதில் தலையிடுகிறார்கள், தங்கள் மேல் ஆண்களுக்கு இருக்கும் பிரியத்தை அரசியலுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒருத்தி சோழ வம்சத்துக்காகச் செய்கிறாள் என்பதால் அது மதியூகம். இன்னொருத்தி அந்த வம்சத்துக்கு எதிராகச் செய்கிறாள் என்பதால் அது நஞ்சு. குலத்துக்கு உதவும் வரை பெண்ணின் புத்தி போற்றப்படும் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு நாவல் சொல்ல முடியாது.

வரலாற்றுக் குந்தவைக்கு இந்த மாடமும் பல்லக்கும் போதவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தான் கொடுத்தவற்றைச் சொன்ன கையோடு, தன் அக்கன் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறான். அங்கே அவள் பொன்னும் நகையும் செப்புத் திருமேனிகளும் வழங்கிய சொத்துரிமை உள்ள பெண். நாவலின் குந்தவை தம்பியின் வழியாக ஆள்கிறாள். கல்வெட்டின் குந்தவைக்குத் தன் பெயரில் கணக்கு இருக்கிறது.

*

‘சிவகாமியின் சபத’த்தில் நாம் வேகமாகக் கடந்துபோகும் ஒரு பெண் உண்டு. மாமல்லர் மணந்த பாண்டியன் மகள் வானமாதேவி. மணம் நடந்ததன் காரணத்தை நாவல் ஒளிக்கவில்லை: வடக்கே படையெடுக்க வேண்டுமானால் தெற்கே பகை இருக்கக்கூடாது. பாண்டியனோடு உறவு வேண்டும். அந்த உறவின் பெயர் வானமாதேவி. கணவன் ஒன்பது ஆண்டுகளாகத் தயாராகிக்கொண்டிருப்பது இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றத்தான் என்பதோடு அவள் குடித்தனம் நடத்துகிறாள். நம் கண்ணீர் முழுதும் சிவகாமிக்குப் போய்விடுகிறது. அவளுக்கு ஒரு சொட்டு மிஞ்சுவதில்லை.

ஒருமுறை மாணவிகளை வானமாதேவியின் இடத்திலிருந்து ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பலர் சிவகாமி மேல் பொறாமைப்படுகிறவளாக எழுதினார்கள். தொலைக்காட்சித் தொடர் கற்றுக்கொடுத்த பொறாமை அது. ஒரு பெண் மட்டும் நாலே வரி எழுதியிருந்தாள். ‘என்னைப் பார்க்க வந்தவர்கள் என் அப்பாவின் எல்லையைப் பற்றிப் பேசினார்கள். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். கேட்கும்போதே மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். பிடித்திருக்கிறது என்றேன்.’ அடுத்த பருவத்தில் அவள் வகுப்புக்கு வரவில்லை. நிச்சயம் ஆகிவிட்டது என்று தோழிகள் சொன்னார்கள். மனை, கடன், சாதி, இரண்டு குடும்பங்களுக்கு நடுவே இருந்த ஒரு பழைய பகை, எல்லாம் அந்தச் சம்பந்தத்தால் சரியாகும் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள்.

அரண்மனை அரசியல் என்று நாம் தள்ளி வைத்துப் படிக்கும் விஷயம் இது. ராஜ்யத்தின் அளவு மாறியிருக்கிறது. பேச்சுவார்த்தையின் முறை மாறவில்லை.

*

இனி நாவலின் முடிவு. இறைவனுக்கே தன்னைக் கொடுத்துவிட்ட சிவகாமி ஆடுவதும், கோயிலுக்கு வந்த மாமல்லர் அதைப் பார்த்துத் திரும்புவதும் தமிழில் மிகவும் அழுது படிக்கப்பட்ட பக்கங்கள். அந்தப் பக்கங்கள் அச்சான ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு அவற்றைப் படிக்க வேண்டும். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் 1920-களின் பிற்பகுதியிலேயே போராடத் தொடங்கிவிட்டார். அந்த வாழ்க்கையிலிருந்து வெளியே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். அதே 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரம் சதிர் ஆட்டத்தைப் பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு சமூகத்துப் பெண்களிடம் கொண்டுசேர்த்தது. பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. நாவல் முடிந்தது 1946-இல்.

நிஜத்தில் ஆடிய பெண்கள் கோயிலை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில், நாவலில் ஆடுகிற பெண் கோயிலுக்குள் போகிறாள். அவளுடைய ஆட்டத்தை யாரும் விலை பேசவில்லை, அவளுக்கு மானியம் இல்லை, தாய்வழிக் குடும்பம் இல்லை, அவளைக் கேட்டு வரும் மிராசுதார் இல்லை. பக்தி மட்டும் இருக்கிறது. கலை வேண்டும், அதை ஆடி வளர்த்த சமூகம் வேண்டாம் என்று தவித்த ஒரு காலகட்டத்துக்குச் சிவகாமி பொருத்தமான பதில். அதனால் அவள் துயரம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தத் துயரம் அத்தனை அழகாக இருப்பதற்கு என்னென்ன வெளியே தள்ளப்பட்டன என்று பார்க்கச் சொல்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் ராஜராஜன் குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று இருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அந்தப் பட்டியலில் காதல் இல்லை, சபதம் இல்லை. உழைப்பும் கூலியும் முகவரியும் இருக்கின்றன. அரசன் அவர்களைக் கேட்டுத்தான் ஊர் மாற்றினானா என்பது சுவரில் இல்லை. நம் சரித்திர நாவல் ஒன்று அந்தப் பட்டியலில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம்.

*

மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தக் கதையின் மாந்தர்கள் தன் மனக்கண்ணில் தோன்றியதாகக் கல்கி எழுதியிருக்கிறார். அங்கே போகும் என் மாணவிகள் ஆயனர் வீடு எங்கே, சிவகாமி ஆடிய இடம் எது என்று கேட்கிறார்கள். நாவல் அவ்வளவு வலிமையோடு கல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான் அவர்களை ஆதிவராகர் குடைவரையைப் பற்றிக் கேட்கச் சொல்வேன். வழிபாட்டில் உள்ள கோயில் அது. அதன் உள்ளே இரண்டு பல்லவ அரசர்களின் உருவங்கள் இருக்கின்றன. ஒருவர் அமர்ந்திருக்கிறார், இருபுறமும் இரண்டு அரசிகள் நிற்கிறார்கள். இன்னொருவர் நிற்கிறார், ஓர் அரசியின் கையைப் பிடித்து அழைத்துப்போகும் பாவனை. பக்கத்தில் இன்னொரு அரசி. மேலே எழுத்துகள் உண்டு. ஒருவர் சிம்மவிஷ்ணு, மற்றவர் மகேந்திரன். நான்கு பெண்களுக்கும் பெயர் எழுதப்படவில்லை.

கிருஷ்ண மண்டபத்தில் பானைகளைச் சுமந்து நிற்கும் ஆயர்குலப் பெண்ணுக்கும் பெயர் இல்லை. ஆனால் அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது தெரிகிறது. பக்கத்தில் ஒருவன் பால் கறக்கிறான், பசு கன்றை நக்குகிறது; அந்த உலகத்தில் அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆதிவராகர் குடைவரையின் அரசிகளைப் பற்றி நமக்குத் தெரிவது, அவர்கள் அரசர்களின் பக்கத்தில் நின்றார்கள் என்பது ஒன்றுதான்.

இதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், அக்காலப் பெண்களுக்குப் பெயரே கிடையாது போலும் என்று முடித்துவிடுவோம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் சில கிலோமீட்டரிலேயே வல்லம் வருகிறது. மாணவிகளின் பேருந்து தினமும் அதைக் கடந்துதான் வருகிறது. அங்குள்ள சிறு குன்றில் பல்லவர் காலக் குடைவரைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைச் செய்வித்தவள் பெயரை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது: பல்லவப் பேரரைசர் மகள் கொம்மை. யாருடைய மகள் என்பதைச் சேர்த்துத்தான் சொல்கிறது என்பது உண்மை. ஆனாலும் அவள் அங்கே யார் பக்கத்திலும் நிற்கவில்லை. பாறையைத் தேர்ந்தெடுக்க, தச்சர்களுக்குக் கூலி கொடுக்க, வேலையை முடித்துத் தன் பெயரை வெட்டச் சொல்ல அவளால் முடிந்திருக்கிறது. மகேந்திரர்களும் மாமல்லர்களும் குன்றுகளைக் குடைந்துகொண்டிருந்த அதே நிலத்தில், மாறுவேடம் எதுவும் போடாமல், சொந்தப் பெயரில் ஒரு பெண் ஒரு கோயிலைக் குடைந்திருக்கிறாள். பெரிய அரண்மனை நாவல் எதிலும் அவளை நான் சந்தித்ததில்லை.

கல்கியைப் படிக்க வேண்டாம் என்று நான் எந்த மாணவிக்கும் சொல்ல மாட்டேன். அந்த நான்கு பாகங்களைக் கையில் எடுத்த பிறகு கீழே வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். படிக்கும்போது பக்க ஓரத்தில் பென்சிலால் மூன்று குறிப்புகள் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். இந்த அத்தியாயத்தில் முடிவெடுப்பது யார்? அந்த முடிவுக்கு விலை கொடுப்பது யார்? அந்த முடிவை ஆசிரியரும் நாமும் எந்தச் சொல்லால் அழைக்கிறோம்? சிவகாமிக்கு நேராக ‘பிடிவாதம்’ என்று எழுதிய இடங்களை அழித்துவிட்டு அங்கே ‘ராஜதந்திரம்’ என்று எழுதிப் பாருங்கள். மகேந்திரருக்கு நேராக ‘பிடிவாதம்’ என்று எழுதிப் பாருங்கள். வாக்கியங்கள் உடைந்துவிடுவதில்லை. பொருள்தான் மாறுகிறது.

இந்தப் பருவத்தின் பயிற்சிக் கட்டுரைக்கு ‘கொம்மை’ என்று மட்டும் தலைப்புக் கொடுத்திருக்கிறேன். கல்வெட்டில் இருப்பதற்கு மேல் ஒரு தகவலையும் நிஜம் என்று சொல்லக்கூடாது. கற்பனை செய்வதைக் கற்பனை என்று சொல்லிவிட்டுச் செய்யலாம். திருக்கழுக்குன்றத்திலிருந்து வரும் இரண்டு பெண்கள் போன வாரம் வல்லத்தில் இறங்கி, குன்றேறிப் பார்த்துவிட்டு, அடுத்த பேருந்தைப் பிடித்து வந்தார்கள். முதல் வகுப்புக்கு வருகை தவறிவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்றார்கள்.